பழைய 2-ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார்: ஸ்டார்ட் ஆகிறது, வேகம் கொடுத்தால் அணைந்துவிடுகிறது

நண்டுவலை:
வணக்கம். அப்பாவின் 15 எச்.பி. அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் மோட்டார்), ரெண்டு சிலிண்டர், பெட்ரோலில் ஓடுவது. முத்துப்பேட்டைக் காயலில் நண்டு வலைக்குப் போகத்தான் வைத்திருக்கிறோம். அவருக்கு உடம்பு முடியாமல் நாலு மாதம் கரையிலேயே கிடந்தது. போன வாரம் நான் எடுத்தேன். மூணு இழுப்பில் ஸ்டார்ட் ஆகி மெதுவாக ஓடுகிறது, வேகம் கூட்டினால் முக்கி முக்கி அணைந்துவிடுகிறது. பிளக் கறுப்பாக ஈரமாக இருக்கிறது. டேங்கில் பாதி பழைய பெட்ரோல் இருந்தது, அதன்மேல் புதுசு ஊற்றி, பைக்குக்குப் போடும் 2டி (2-ஸ்ட்ரோக்) ஆயிலைக் கண்ணளவாகக் கலந்தேன். பிஸ்டன் போயிருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

துடுப்பு77:
டேங்க் மூடியில் காற்றுத் திருகு இருக்கும், அதைத் திறந்தீர்களா? மூடியிருந்தால் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும்.

நண்டுவலை:
திறந்துதான் இருக்கிறது அண்ணே.

கரைப்பட்டறை:
தம்பி, இனிமேல் ஒரு இழுப்புகூட இழுக்காதீர்கள். முதலில் டேங்கின் அடியில் இருப்பதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், உப்பங்காற்றில் பாதி காலியான டேங்க் நாலு மாதம் கிடந்தால் கேட்கவே வேண்டாம். தண்ணீர் ஒரு அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். நீங்கள் கலந்த ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்கின் குழாய் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. இந்த மாதிரி கலந்து ஊற்றும் 2-ஸ்ட்ரோக்குக்குத் தனி ஆயில் தொட்டி கிடையாது, பேரிங், பிஸ்டன் எல்லாவற்றுக்கும் பெட்ரோலோடு வரும் ஆயில்தான், அது வராமல் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

பாட்டிலில் ரெண்டு அடுக்கு தெரிந்தால் அந்தப் பெட்ரோலை மறந்துவிடுங்கள், ஆயில் சேர்த்து சரிக்கட்ட முடியாது. டேங்கைக் கழுவிக் காயவைத்து, ஃபில்டரை மாற்றி, கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றி, பெரிய ஜெட்டை (பெட்ரோல் போகும் சின்னத் துளையுள்ள திருகு) காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள், கம்பி விட்டுக் குத்த வேண்டாம். பழைய ரப்பர் குழாய் எத்தனாலில் ஊறி உப்பியிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

அப்புறம் ஆயில். பைக் ஆயில் காற்றில் குளிரும், அதிகச் சூட்டில் ஓடும் எஞ்சினுக்கானது. நீரில் குளிரும் மோட்டாரில் அதன் சாம்பல் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் படியும். டப்பாவில் டிசி-டபிள்யூ3 (TC-W3, நீரில் குளிரும் 2-ஸ்ட்ரோக்குக்கான ஆயில்) என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

அலையோசை:
பழைய எஞ்சின்தானே, லிட்டருக்கு 60 மில்லி ஊற்றுங்கள். ஆயில் கூடினால் நல்லதுதான்.

கரைப்பட்டறை:
இல்லை அண்ணே, அது கூடாது. ஆயில் கூடக்கூட அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் குறையும், பிளக்கும் அடைக்கும். 50:1, அதாவது 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 20 லிட்டர் கேனுக்கு 400. புதிதாக பிஸ்டன் மாற்றிய எஞ்சினுக்கு முதல் சில மணி நேரம் மட்டும் 25:1, அதாவது 40 மில்லி. இன்னும் பழைய சில மாடல்களுக்கு எப்போதுமே 25:1 தான், அதனால் மோட்டார் மேல் எழுதியிருப்பதைப் பாருங்கள். கலக்கும்போது கேனில் கொஞ்சம் பெட்ரோல், பிறகு மொத்த ஆயில், நன்றாகக் குலுக்கி, மீதிப் பெட்ரோல்.

நண்டுவலை:
பாட்டிலில் அடியில் ரெண்டு விரல் உயரத்துக்குக் கலங்கலாக தனி அடுக்கு! எல்லாம் கொட்டிவிட்டேன். ஜெட்டில் பச்சையாகப் பிசின் மாதிரி இருந்தது. மோட்டார் மேல் 50:1 என்றே இருக்கிறது, அளவுக் குவளை வாங்கி 400 மில்லி சரியாக ஊற்றிக் கலந்தேன், புது பிளக் ரெண்டு. இன்று காலை ஆற்று முகம் வரைக்கும் முழு வேகத்தில் போய்த் திரும்பினேன், அணையவில்லை. அப்பா கரையில் நின்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார். ரொம்ப நன்றி அண்ணே.

கரைப்பட்டறை:
சந்தோஷம் தம்பி. கியர் ஆயிலையும் ஒருமுறை திறந்து பாருங்கள், பால் மாதிரி வெளுத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் ஏறியிருக்கிறது.