மணி தின்ற மார்ஜரின் (எங்கள் குடும்பக் குழுவில் சனிக்கிழமை இரவு)

நான், இரவு 9:12
யாராவது இருக்கிறீர்களா? பிரெட்டில் தடவும் மார்ஜரின் டப்பாவை மணி இழுத்துப் போட்டு நக்கி முடித்துவிட்டான். 200 கிராம் டப்பா. அதில் 80 கிராமாவது இருந்திருக்கும். இப்போது வாலை ஆட்டிக்கொண்டு அடுத்தது எங்கே என்று பார்க்கிறான்.

சித்தப்பா, 9:14
அது வெண்ணெய் இல்லையே மா. பாமாயில், சூரியகாந்தி எண்ணெய்தான். சுத்த சைவம். ஒன்றும் ஆகாது, போய்த் தூங்கு.

பெரியம்மா, 9:15
உப்பைக் கரைத்து வாயில் ஊற்று. எல்லாம் வெளியே வந்துவிடும். ஊரில் அப்படித்தான் செய்வோம்.

மாமா, 9:15
(பார்வர்ட் செய்யப்பட்டது) தாவரக் கொழுப்பு கொடுத்தால் நாயின் ரோமம் பளபளக்கும்!! 10 பேருக்குப் பகிரவும் 🙏🐶

டாக்டர் அண்ணா, 9:19
அம்மா, உப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். உடம்பில் சோடியம் ஏறினால் வலிப்பு வரை போகும். மார்ஜரினை விட அதுதான் ஆபத்து. பாப்பா, நீயாக வாந்தி எடுக்க வைக்காதே. லேபிளைப் படம் எடுத்துப் போடு. மணி எத்தனை கிலோ?

நான், 9:22
12 கிலோ. போன மாதம்தான் எடை பார்த்தோம்.
📷
கொழுப்பு 60%. அப்புறம் தண்ணீர், உப்பு, லெசித்தின், வைட்டமின் ஏ, டி என்று போட்டிருக்கிறது.

டாக்டர் அண்ணா, 9:27
சரி. இதில் விஷம் என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் சித்தப்பா, கணையத்துக்குச் சைவம் அசைவம் தெரியாது. 80 கிராமில் 48 கிராம் கொழுப்பு. ஒரு கிராமுக்கு 9 கலோரி, ஆக 430 சொச்சம். மணி அளவு நாய்க்கு ஒரு நாளைக்கே 700 கலோரி சுமார்தான் தேவை. பாதிக்கு மேல் ஒரே மூச்சில், அதுவும் வெறும் கொழுப்பாக உள்ளே போயிருக்கிறது.

சித்தப்பா, 9:28
அதனால் என்னப்பா? குண்டாவான், அவ்வளவுதானே?

டாக்டர் அண்ணா, 9:31
பல நாய்களுக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கோடு முடிந்துவிடும். சிலதுக்குக் கணையம் வீங்கிக்கொள்ளும். உணவைச் செரிக்க வேண்டிய நொதி கணையத்தையே அரிக்க ஆரம்பிக்கும். ஏற்கெனவே குண்டான நாய், வயதான நாய் என்றால் பயம் அதிகம். தீபாவளி முடிந்த வாரத்தில் பலகாரம் தின்ற கேஸ்கள் எங்களிடம் இதனால்தான் வரும்.

மாமா, 9:33
சித்தப்பாவின் சைவத்துக்கு ஒரு வரலாற்றுக் குறிப்பு. 1869இல் பிரான்சில் மெஜ் மூரியே முதன்முதலில் மார்ஜரின் செய்தது மாட்டுக் கொழுப்பில்! தாவர எண்ணெய்க்கு மாறியதெல்லாம் பிறகுதான் 😄

சித்தப்பா, 9:33
பளபள ரோமம் பார்வர்ட் போட்டவர் நீங்கள்தானே மச்சான்?

டாக்டர் அண்ணா, 9:35
டப்பாவைச் சரியாகப் பார். மேலே ஒட்டியிருக்கும் வெள்ளித்தாள் இருக்கிறதா? பிளாஸ்டிக் ஓரத்தைக் கடித்திருக்கிறானா? குடலில் மாட்டினால் அது தனிக் கதை.

நான், 9:41
மூடி முழுசாக இருக்கிறது. வெள்ளித்தாள் கட்டிலுக்கடியில் கிடைத்தது, கிழியவில்லை. நக்கி நக்கிக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருக்கிறான்.

தம்பி, 9:44
அக்கா... ஒன்று சொல்ல வேண்டும். சாயங்காலம் கார்லிக் பிரெட் செய்ய அந்த டப்பாவிலேயே பூண்டு நசுக்கிப் போட்டுக் கலக்கினேன் 😬

நான், 9:44
டேய்!!

டாக்டர் அண்ணா, 9:45
எத்தனை பல்?

தம்பி, 9:46
மூன்று. சின்னப் பல்தான். பாதிக் கலவையை நானே தடவித் தின்றுவிட்டேன்.

டாக்டர் அண்ணா, 9:52
முதலிலேயே சொல்ல வேண்டியதுதானேடா. பூண்டு, வெங்காயம் இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். இந்த அளவுக்கு 12 கிலோ நாய்க்குப் பெரிதாக ஆக வாய்ப்பு குறைவு. ஆனால் அது உடனே தெரியாது, சில நாள் கழித்துத்தான் காட்டும். ஈறு வெளுக்கிறதா, மூத்திரம் காபி நிறத்தில் போகிறதா என்று ஒரு வாரம் பார்க்க வேண்டும்.

இன்றிரவு சாப்பாடு வேண்டாம், தண்ணீர் மட்டும். காலையில் தோல் நீக்கிய கோழியை உப்பு, எண்ணெய் இல்லாமல் வேகவைத்து, குழைந்த சோற்றோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. திரும்பத் திரும்ப வாந்தி, வயிற்றைத் தொட்டால் கத்துவது, முன்னங்கால்களை நீட்டிப் படுத்துப் பின்பக்கத்தைத் தூக்கி நிற்பது, இதில் எது வந்தாலும் மணி என்ன என்று பார்க்காமல் எனக்குப் போன் செய். நாளை எப்படியும் கிளினிக்குக் கூட்டி வா.

பெரியம்மா, 9:54
மணி என்ன என்று மணியையா கேட்பாள்? 😂 கொஞ்சம் மோராவது கொடுக்கட்டுமேடா, வயிறு குளிரும்.

டாக்டர் அண்ணா, 9:55
அம்மா, வேண்டாம். தண்ணீர் மட்டும்.

மாமா, 9:58
சர்க்கரை இல்லாத பீநட் பட்டர் எங்கள் டாமிக்கு அவ்வப்போது கொடுப்போம். அது பரவாயில்லையா?

டாக்டர் அண்ணா, 10:01
லேபிளில் சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பு) என்று இருந்தால் இப்போதே குப்பையில் போடுங்கள் மாமா. நமக்கு ஒன்றும் செய்யாது, நாய்க்கு அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை சரிந்துவிடும், ஈரலும் கெடும். அதற்கு முன்னால் மணி தின்றது ஒன்றுமே இல்லை.

மாமா, 10:09
பார்த்துவிட்டேன். இல்லை. மூச்சு வந்தது.

நான், ஞாயிறு காலை 6:40
இரவில் ஒரு தடவை வாந்தி, செருப்பு மேலே. விடிகாலையில் இளக்கமாகப் போனான். இப்போது சோற்றுப் பாத்திரத்தைத் தள்ளிக்கொண்டு என் பின்னாலேயே வருகிறான். வயிற்றைத் தொட்டால் ஒன்றும் சொல்லவில்லை.

தம்பி, 6:41
யாருடைய செருப்பு?

நான், 6:41
உன்னுடையதுதான்.

டாக்டர் அண்ணா, 6:55
பசிக்கிறது என்றால் நல்ல அறிகுறி. பத்து மணிக்குக் கூட்டி வா, ஈறு பார்த்துவிடலாம். ரத்தப் பரிசோதனை வியாழன் எடுப்போம்.

நான், வியாழன் மாலை 5:20
ரிப்போர்ட் நார்மல் 🙏 குடற்புழு மாத்திரை கொடுத்திருக்கிறார் அண்ணா. இதுவரை மார்ஜரின் உருண்டைக்குள் வைத்துத்தான் விழுங்க வைப்போம். இனி எதில் வைப்பது?

பெரியம்மா, 5:23
இட்லித் துண்டுக்குள் வை.

நான், 5:40
வைத்தேன் பெரியம்மா. இட்லி உள்ளே போய்விட்டது. மாத்திரை சோபாவுக்கடியில் கிடக்கிறது.