புதுப்பிப்பு: உகந்தை முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்குக் காட்டுவழி நடந்து முடித்தேன்

கதிர்காமப் பாதயாத்திரைக்கு 14 கிலோ பையோடு போகலாமா என்று ஆடிக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். பாதியாகக் குறை என்றீர்கள். குறைத்தேன். அந்தப் புத்தி சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

கூடாரத்தை அக்கரைப்பற்றிலேயே விட்டுவிட்டேன். ஒரு பாய், ஒரு சாரம், அம்மா செய்து தந்த பொரிவிளாங்காய், தண்ணீர் 4 லீட்டர். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். வழியில் வரும் குமனைக் காட்டுப் பக்கம் வெயில் சுட்டெரிக்கும், வெட்டவெளிகளில் ஒதுங்க நிழலே இல்லை.

முதல் இரவு கும்புக்கன் ஆற்றங்கரையில். ஆற்றைக் கடந்தால் யால சரணாலயக் காடு. மருத மரங்களின் வேர் மணலுக்கு மேலே புடைத்துக் கிடக்கிறது, அதில் தலை வைத்துத்தான் படுத்தோம். பக்கத்தில் படுத்திருந்த கல்முனை ஆச்சி ஆற்று மணலைக் கையாலேயே தோண்டினார். முழங்கை ஆழத்தில் தண்ணீர் ஊறியது. முதலில் கலங்கல், இரண்டு தரம் இறைத்த பிறகு தெளிவு. "வடிச்சுக் குடி மகன்" என்று தன் சேலைத் தலைப்பை நீட்டினார். அதை நான் மறக்கவே மாட்டேன்.

நடுச்சாமத்தில் யானை கிளை முறிக்கும் சத்தம். நெருப்பைத் தூண்டிவிட்டு எல்லாரும் அரோகரா சொன்னோம். அது போய்விட்டது.

அப்புறம் சப்பாத்து விஷயம். புதுச் சப்பாத்து இரண்டாம் நாளே குதிக்காலைக் கொப்பளமாக்கிவிட்டது, மிச்ச வழியெல்லாம் செருப்புத்தான். பழகிய சப்பாத்தையே போடுங்கள்.

ஒன்று மட்டும் மனதை உறுத்துகிறது: ஆற்றங்கரையில் பிளாஸ்டிக் போத்தல்கள். கொண்டு போனதைத் தயவுசெய்து திருப்பிக் கொண்டு வாருங்கள்.