மேப்பில் 'கழிவுநீர் வெளியேறுகிறது' என்று காட்டினால் எவ்வளவு நம்பலாம்?

ஓடைக்கரை:
இங்கிலாந்துக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஆறு, முழங்கால் அளவு தண்ணீர். ஏழு வயதுப் பையன் லீவு விட்டால் வலையும் பூட்ஸுமாக இறங்கிவிடுவான். பாலத்துக்குக் கொஞ்சம் மேலே கரையில் ஒரு சிமெண்ட் வாய், அதில் இரும்புக் கதவு தொங்கும். மழைநீர்க் குழாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லி, தண்ணீர் கம்பெனி ஆன்லைனில் போடும் கழிவுநீர் மேப்பைத் திறந்தால், அது சாக்கடை வழியும் வாயாம்!

போன சனிக்கிழமை 'இப்போது வெளியேறுகிறது' என்று காட்டியது. ஓடிப்போய்ப் பார்த்தேன், சொட்டுக்கூட இல்லை. மூன்று நாளாக மழையும் இல்லை. அதற்கு முந்தின வாரம் அடைமழையில் அந்தக் கதவு தூக்கிக்கொண்டு கொட்டியது, மேப்போ 'இல்லை' என்றது. எதை நம்புவது? வருடக் கணக்கில் 31 முறை என்று போட்டிருக்கிறார்கள். அது அதிகமா?

லண்டன்வாசி:
மேப் என்ன சொன்னாலும் சரி, நல்ல மழை பெய்தால் அடுத்த இரண்டு நாளைக்குப் பையனை இறக்காதீர்கள். நான் கடலுக்கே அப்படித்தான் போகிறேன்.

மூடிதிறப்பவன்:
தம்பி, அந்த மேப்புக்குத் தகவல் அனுப்பும் சென்சாரை மாட்டுவதும் துடைப்பதும்தான் என் பிழைப்பு. கம்பெனி பெயர் வேண்டாம்.

இங்கே பழைய ஊர்களில் மழைநீருக்கும் கக்கூஸ் தண்ணீருக்கும் ஒரே குழாய். பெருமழையில் குழாய் நிரம்பினால் வீட்டுக்குள் எதிர்த்து வரும். அதைத் தவிர்க்க நடுவில் ஒரு தொட்டி, அதில் ஒரு குட்டைச் சுவர். மட்டம் சுவரைத் தாண்டினால் ஆற்றுக்குப் போய்விடும். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் குளம் மறுகால் பாய்கிறது என்போமே, அதேதான். பாய்வது வேறு, அவ்வளவுதான்.

சென்சார் அந்தச் சுவருக்கு மேலே கூரையில் தொங்கும். கீழே ஒலி அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து மட்டம் பார்க்கும். சுவரைத் தாண்டியதா, எவ்வளவு நேரம், இந்த இரண்டுதான் அதற்குத் தெரியும். ஒரு வாளி போனதா ஒரு குளமே போனதா என்று சொல்லாது.

போன நவம்பரில் ஒரு தொட்டி மூன்று வாரமாக விடாமல் 'வெளியேறுகிறது' என்றது. மூடியைத் தூக்கி டார்ச் அடித்தால், சென்சாரின் முகத்துக்குக் கீழே கைக்குட்டை அகலத்துக்குச் சிலந்தி வலை, முழுக்க நீர்த்துளி. ஒலி அதில் பட்டே திரும்பிவிடுகிறது, அதுவோ வெள்ளம் வந்துவிட்டதாக நினைக்கிறது. குச்சியில் துணி சுற்றித் துடைத்தேன். அரை நிமிட வேலை, மேப்பில் ஆறு சுத்தமாகிவிட்டது.

உங்கள் சனிக்கிழமை அப்படி இருக்கலாம். ஆனால் மழையில்லாத நாளில் நிஜமாகவே வழிவதும் உண்டு. கீழே எங்கோ கொழுப்பும் வெட் வைப்ஸும் அடைத்திருக்கும். பெருமழையில் வழியத்தான் கம்பெனிக்கு அனுமதி, இது அதற்குள் வராது. அந்த வாய்க்குக் கீழே தாழ்ந்த கிளைகளைப் பாருங்கள். சாம்பல் நிறக் கந்தல் தொங்கினால் துணி இல்லை, வெட் வைப்ஸ். ஒரு தடவை கையுறையோடு பிரித்துப் பார்த்தேன், பூ டிசைன்கூட அழியவில்லை.

மழையில் கொட்டியும் மேப் 'இல்லை' என்றதா? வெறும் மழைநீர்க் குழாயும் அதே வாயில் சேர்ந்திருக்கலாம். பேட்டரி செத்தும் இருக்கலாம். வழியத் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் மேப்பில் போட வேண்டும் என்பது 2025 ஜனவரியிலிருந்து சட்டம். அந்த அவசரத்தில் யாரும் போய்ப் பார்த்துவிட்டுப் போடுவதில்லை.

அப்புறம் 31. எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், மணி நேரத்தைப் பாருங்கள். முதல் 12 மணி நேரத்துக்குள் எத்தனை தடவை வழிந்தாலும் கணக்கில் ஒன்று. அதன்பின் ஒவ்வொரு 24 மணி நேரத்துக்கும் ஒன்று. இருபது நிமிடமும் ஒன்றுதான், பதினோரு மணி நேரமும் ஒன்றுதான். 36 மணி நேரம் விடாமல் ஓடினாலும் இரண்டுதான்!

கசப்புக்காபி:
2024இல் இங்கிலாந்து முழுக்கச் சுமார் 4.5 லட்சம் முறை, 36 லட்சம் மணி நேரம். எண்ணி என்ன பயன் அண்ணா? வழிவது நின்றதா?

மூடிதிறப்பவன்:
நிற்கவில்லை. ஆனால் 2010இல் நூற்றுக்கு ஏழு வாய்களில்தான் இந்த சென்சார் இருந்தது. 2023 கடைசியில்தான் எல்லாவற்றுக்கும் வந்தது. அதுவரை வழிந்ததை யார் எண்ணினார்கள்? சென்சார் வந்தபின்தான் கோபமே வந்தது. என் குறை வேறு. மட்டத்தை மட்டும் பார்க்கிறோம். ஆற்றில் வாய்க்கு மேலும் கீழும் அம்மோனியா, ஆக்சிஜன் பார்க்கும் கருவி வைக்கச் சட்டம் இருக்கிறது. அதை எல்லா இடத்திலும் வைத்தால்தான் மீனுக்கு என்ன ஆனது என்று தெரியும்.

ஓடைக்கரை:
அண்ணா, இன்று காலை போனேன். மூன்று கிளையில் தொங்குகிறது. போட்டோ எடுத்தேன், தேதி நேரத்தோடு. சுற்றுச்சூழல் ஏஜென்சியின் 0800 80 70 60க்குப் பேசினேன், புகார் எண் கொடுத்தார்கள். பையன் வலையோடு வாசலில் நின்றான். பக்கத்துப் பார்க் குட்டைக்குக் கூட்டிப்போனேன். அங்கே வாத்துதான் பிடிக்கலாம் என்று ஒரே கோபம்.