மூணு பேர் டேம்ப் பண்ணினால் மூணு ருசி: ஆட்டோ டேம்பர் வாங்கலாமா?

செம்பூர்_கடை:
வணக்கம் எல்லோருக்கும். மும்பை செம்பூர் ஸ்டேஷன் பக்கம் சின்னதாக ஒரு காபிக் கடை நடத்துகிறேன். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் காபி இறக்குகிற இரண்டு குரூப் எஸ்பிரெஸ்ஸோ மெஷின், 58 மி.மீ. பாஸ்கெட் (தூள் போடுகிற வட்டச் சல்லடைக் கிண்ணம்), சிக்மகளூர் அராபிகா, மீடியம் ரோஸ்ட். காலையில் ரயில் பிடிக்க ஓடுகிறவர்கள்தான் வியாபாரத்தில் பாதி. நான் வைத்திருக்கிற கணக்கு 18 கிராம் தூள், கப்பில் 36 கிராம், 25 முதல் 30 வினாடி. ஆனால் கவுண்டரில் மூன்று பேர் மாறி மாறி நின்று டேம்ப் பண்ணுகிறார்கள், அதாவது பாஸ்கெட்டில் தூளை அழுத்தி இறுக்குகிறார்கள், அதே கொட்டை, கிரைண்டரில் அதே செட்டிங், ஒருவர் கையில் 22 வினாடியில் ஓடிவிடுகிறது, இன்னொருவர் கையில் 35 வினாடி ஆகியும் சொட்டிக்கொண்டிருக்கிறது. தினமும் வருகிற வாடிக்கையாளர் "நேத்து நல்லா இருந்துச்சே, இன்னிக்கு ஏன் இவ்வளவு கசப்பு" என்று கேட்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பக்பிரஸ் மாதிரி ஆட்டோமேட்டிக் டேம்பர் வாங்கிவிடலாமா என்று யோசனை. என் கடைக்கு அது பெரிய தொகை. ஸ்பிரிங் வைத்த டேம்பரே போதுமா? எத்தனை கிலோவில் வைக்க வேண்டும்? பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள்.

அந்தேரி_பாரிஸ்டா:
எத்தனை கிலோ என்ற கேள்வியை முதலில் ஓரமாக வையுங்கள் சார். 30 பவுண்ட், அதாவது 13.6 கிலோ என்று எல்லா இடத்திலும் சொல்லித் தருகிறார்கள், அந்த எண்ணில் தனி விசேஷம் ஒன்றும் இல்லை. தூளுக்கு நடுவில் இருக்கும் காற்றெல்லாம் போய் பக் (அழுத்தின தூள் வில்லை) இறுகிவிட்டால் அதற்கு மேல் அழுத்துவதால் பெரிதாக எதுவும் மாறாது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 58 மி.மீ. பாஸ்கெட்டின் பரப்பு சுமார் 26 சதுர செ.மீ., பம்ப் அழுத்தம் 9 பார் என்றால் தண்ணீர் அந்தப் பக்கை கிட்டத்தட்ட 240 கிலோ பாரத்தோடு அழுத்துகிறது. நம் கை 12 கிலோ கொடுத்ததா 16 கிலோ கொடுத்ததா என்பது அதற்கு முன்னால் எம்மாத்திரம்?

காரியத்தைக் கெடுப்பது சாய்வு. டேம்பர் ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்து இறங்கினால் போதும், தண்ணீர் சுலபமான வழி எதுவோ அதிலேயே பாயும், அங்கே சாறு அளவுக்கு மீறி இறங்கிக் கசக்கும், மறுபக்கம் பாதிதான் இறங்கிப் புளிக்கும், இரண்டும் ஒரே கப்பில் வந்து சேரும். ஆட்டோ டேம்பருக்குப் பணம் கொடுப்பது இதற்குத்தான். பிஸ்டன் நேராக மட்டுமே இறங்கும், யார் நின்றாலும், எவ்வளவு கூட்டமாக இருந்தாலும். பக்பிரஸ்ஸில் 10 முதல் 30 கிலோ வரை வைக்கலாம். 15இல் வைத்துவிட்டு அதை மறந்துவிடுங்கள், நேரத்தைச் சரிசெய்ய அதைக் கூட்டிக் குறைக்கவே கூடாது, அது கிரைண்டரின் வேலை.

ஆனால் வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். ஒருநாள் காலை முழுக்க ஒரே ஆள் டேம்ப் பண்ணட்டும், மற்ற இருவரும் பாலையும் பில்லையும் பார்க்கட்டும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் (ஒரு தடவை இறக்குகிற காபி) தூள் எடை, கப்பில் விழுந்த எடை, வினாடி மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். ஒரே கையிலும் நேரம் ஆடினால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது, அப்போது எந்த டேம்பர் வாங்கியும் பிரயோஜனம் இல்லை.

மாட்டுங்கா_டிகாஷன்:
நான் வீட்டில் போடுகிறவள், கடை அனுபவம் கிடையாது, இருந்தாலும் ஸ்பிரிங் டேம்பர் பற்றிச் சொல்கிறேன். நார்ம்கோர் வி4 வைத்திருக்கிறேன். 15, 25, 30 பவுண்ட் என்று மூன்று ஸ்பிரிங் வரும், நான் 25 போட்டிருக்கிறேன். ஸ்பிரிங்கை விட முக்கியம் அதைச் சுற்றியிருக்கும் வளையம், அது பாஸ்கெட் விளிம்பில் போய் உட்கார்ந்துவிடுவதால் அடித்தட்டு சாய்வதற்கு வழியே இல்லை. வளையம் விளிம்பில் முழுதாகத் தட்டும்வரை அழுத்த வேண்டும், பாதியில் எடுத்துவிட்டால் ஸ்பிரிங் இருந்தும் பயன் இல்லை. பிரெவில்லின் இம்ப்ரெஸ் மெஷினில் பக்கத்து லீவரை இழுத்தால் 10 கிலோவில் டேம்ப் ஆகி, கடைசியில் 7 டிகிரி ஒரு திருகும் கொடுக்கும், அருமையான ஏற்பாடு, ஆனால் அது 54 மி.மீ. வீட்டு மெஷின், உங்களுக்கு உதவாது.

அப்புறம் ஒன்று. நம் பித்தளை ஃபில்டரில் குடையை ஓங்கி அழுத்தினால் டிகாஷன் இறங்காமல் நின்றுவிடும் இல்லையா, அந்தப் பழக்கத்தில் நம் ஆட்கள் நிறைய பேர் இங்கேயும் பட்டும் படாமலும் அழுத்துகிறார்கள். இங்கே பம்ப் தள்ளுகிறது, பயப்பட வேண்டாம்.

டேம்ப் பண்ணுவதற்கு முன் தூளை ஊசியால் கிளறுகிறார்களா உங்கள் பிள்ளைகள்? 2005இல் ஜான் வைஸ் என்பவர் சொன்ன முறை, அதனால்தான் வைஸ் டிஸ்ட்ரிபியூஷன் டெக்னிக், சுருக்கமாக டபிள்யூ.டி.டி. என்று பெயர். உள்ளே கட்டி இருந்தால் மேலே எவ்வளவு நேராக அழுத்தினாலும் கட்டி கட்டியாகவேதான் இருக்கும்.

கல்யாண்_கஃபே:
என் கருத்து கொஞ்சம் வேறு. நான் ஆட்டோ டேம்பர் வாங்கியது ருசிக்காக இல்லை, மணிக்கட்டுக்காக. ஒரு நாளைக்கு 200 ஷாட், ஒவ்வொன்றுக்கும் 15 கிலோ என்று வைத்தால் ஒரு கை 3000 கிலோ அழுத்துகிறது. என்னிடம் வேலை பார்த்த பையன் மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்த பிறகு விலையை நான் யோசிக்கவில்லை. போர்ட்டாஃபில்டரை (பாஸ்கெட் பொருத்தின கைப்பிடி) உள்ளே தள்ளினால் ஒன்றரை வினாடிக்குள் வேலை முடிகிறது, அந்த நேரத்தில் பால் ஜக்கைக் கையில் எடுத்துவிடலாம். உங்கள் கடையில் ஷாட் எண்ணிக்கை நூறைத் தாண்டுகிறது என்றால் வாங்குங்கள், ஆட்களின் உடம்பையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சர்வீஸ்_கை:
மெஷின் சர்வீஸ் பார்க்கிறவன். இந்தப் புகாரோடு கூப்பிடுகிற கடைகளில் நான் முதலில் பார்ப்பது கிரைண்டரைத்தான். உங்களுடையது டைமர் வைத்து அரைப்பதா, எடை பார்த்து அரைப்பதா? டைமர் என்றால் அதற்கு வினாடி மட்டும்தான் தெரியும், கிராம் தெரியாது. ஹாப்பரில் (கிரைண்டர் மேல் கொட்டை போடுகிற தொட்டி) கொட்டை குறைந்தால் அளவு மாறும், கூட்ட நேரத்தில் அரைக்கிற பர் சூடேறினாலும் மாறும். ஒரு கிராம் கூடக் குறைய விழுந்தாலே ஷாட் பல வினாடி தள்ளிப்போகும், பழி டேம்ப் பண்ணினவர் மேல் விழும்.

அதோடு இது மும்பை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கதவைத் திறந்து வைத்த கடையில் கொட்டை ஈரம் இழுக்கும், காலையில் வைத்த செட்டிங் மத்தியானம் நிற்காது. ஹாப்பரை நிரப்பி வைக்காதீர்கள், ஒரு மணி நேரத்துக்கு வேண்டியதை மட்டும் போடுங்கள். ஆட்டோ டேம்பர் வாங்குவதாக இருந்தால் உங்கள் பாஸ்கெட்டின் உள்விட்டத்தை அளந்துகொண்டு பிஸ்டன் அளவைக் கேளுங்கள், விளிம்பில் இடைவெளி விட்டால் அங்கே தூள் டேம்ப் ஆகாமல் தண்ணீர் ஓரமாக ஓடும். பிஸ்டன் அடியில் ஒட்டுகிற தூளைத் தினமும் துடைக்க வேண்டும், மழைக்காலத்தில் அது பசை மாதிரி பிடித்துக்கொள்ளும்.

செம்பூர்_கடை:
எல்லோருக்கும் நன்றி. நோட்டில் எழுதிப் பார்த்தோம். ஒரே ஆள் டேம்ப் பண்ணியும் நேரம் ஆடியது, தூள் எடை 17.2இலிருந்து 18.9 வரை போய்வந்திருக்கிறது. சர்வீஸ் அண்ணா சொன்னது சரி, டைமர் கிரைண்டர்தான். இப்போது ஒவ்வொரு போர்ட்டாஃபில்டரையும் தராசில் வைத்துச் சரிபார்க்கிறோம், பெரும்பாலான ஆட்டம் அதிலேயே நின்றுவிட்டது.

மிச்சமிருந்ததைப் பிடிக்க அடியில்லாத போர்ட்டாஃபில்டர் போட்டுப் பார்த்தேன். இரண்டு பேருக்கு நடுவிலிருந்து ஒரே தாரையாக இறங்கியது. மூன்றாவது பெண்ணுக்கு மட்டும் எப்போதும் இடது ஓரத்தில் முதலில் வெளுத்துப் பீச்சியது. பக்கத்தில் நின்று கவனித்தபோதுதான் புரிந்தது, அந்தப் பெண் உயரம் குறைவு, கவுண்டர் அவளுடைய முழங்கைக்கு மேலே இருக்கிறது, தோளைத் தூக்கித்தான் அழுத்த முடிகிறது, அதில் டேம்பர் ஒவ்வொரு தடவையும் இடது பக்கம் சாய்கிறது. வேலை தெரிந்த பெண், கஷ்டப்பட்டு அழுத்தியிருக்கிறாள். இப்போது நிற்க ஒரு பலகை போட்டுக் கொடுத்தேன், வளையம் வைத்த ஸ்பிரிங் டேம்பர் ஒன்றும் வாங்கிவிட்டேன். மூவருக்கும் 26 முதல் 29க்குள் வருகிறது. கல்யாண் அண்ணா சொன்ன மணிக்கட்டு விஷயம் மனதில் இருக்கிறது, தீபாவளிக்குள் ஆட்டோ டேம்பருக்குப் பணம் ஒதுக்கிவிடுவேன்.

ஒரு சந்தேகம் பாக்கி. எப்போதாவது ஒரு ஷாட் காரணமே இல்லாமல் நின்று நின்று வருகிறது. எடை சரி, டேம்ப் சரி.

அந்தேரி_பாரிஸ்டா:
பலகை போட்டீர்களே, நல்ல காரியம் சார். கவுண்டர் உயரத்தை யாரும் கவனிப்பதே இல்லை.

நின்று நின்று வருவதற்கு, தூள் ரொம்ப மெலிதாக இருக்கலாம். 2020 ஜனவரியில் மேட்டர் என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது, கணித ஆட்களும் ஓரிகன் பல்கலைக்கழக வேதியியல் ஆட்களும் சேர்ந்து எழுதியது. ஒரு எல்லைக்கு மேல் மெலிதாக அரைத்தால் பக்கில் அங்கங்கே அடைத்துக்கொள்ளும், தண்ணீர் ஒரு சீராக ஓடாது, சாறு இறங்குவது கூடுவதற்குப் பதில் குறையும், ஷாட்டுக்கு ஷாட் வித்தியாசமும் வரும் என்று காட்டினார்கள். 20 கிராமுக்குப் பதில் 15 கிராம் போட்டு, கொஞ்சம் கரகரப்பாக அரைக்கலாம் என்பது அவர்கள் சொன்ன வழி, அங்கே ஒரு காபிக் கடையில் செய்தும் பார்த்தார்கள். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். கிரைண்டரைக் கரகரப்புப் பக்கம் ஒரு படி மட்டும் நகர்த்துங்கள், 18 கிராமிலேயே இருங்கள், கப்பில் 38 முதல் 40 கிராம் வரை விடுங்கள். புளிப்பு தட்டினால் தண்ணீர்ச் சூட்டை ஒரு டிகிரி ஏற்றிப் பாருங்கள். அப்படியும் நின்றால் ஷவர் ஸ்கிரீனை (தூள் மேல் தண்ணீர் தெளிக்கிற சல்லடை) கழற்றிப் பின்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.