'ஸ்லோ' பொத்தானுக்கு ஒரு சொல்: மெதுவியக்கமா, மெதுவோட்டமா?

ராயப்பேட்டை மொழிபெயர்ப்பாளர்:

எல்லோருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு சொல் வேண்டும். ரிச்சி தெருவில் சிசிடிவி ரெக்கார்டர் விற்கும் கடைக்காரர் ஒருவர் தன் கருவிக்குத் தமிழ்க் கையேடும், திரையில் வரும் பட்டியல்களுக்குத் தமிழும் கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். பிளே, பாஸ், ரீவைண்ட் எல்லாம் எப்படியோ தேறிவிட்டன. 'ஸ்லோ' பொத்தானில் சிக்கிக்கொண்டேன். அதில் 1/2, 1/4, 1/8 என்று படிகள் இருக்கின்றன.

'மெதுவியக்கம்' என்று போட்டுவிடலாம்தான். ஆனால் கையேட்டில் வேறோர் இடத்தில், கேமராவே நொடிக்கு 120 படம் பிடிக்கும் வசதியையும் ஸ்லோ மோஷன் என்றே எழுதியிருக்கிறார்கள். அது படம் பிடிக்கும்போது செய்வது, இது பிடித்ததை ஓட்டிப் பார்க்கும்போது செய்வது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், மங்கலாகப் பதிவான வண்டி நம்பர்கூட இந்தப் பொத்தானை அழுத்தினால் பளிச்சென்று வந்துவிடும் என்று வாங்குகிறவர் நம்பிவிடுவார். எனக்கு இரண்டு சொல் வேண்டும். சுருக்கமாக இருக்கட்டும், பொத்தான் சின்னது.

தரமணி பொறியாளர்:

அக்கா, நீங்கள் பிரித்தது சரி. நொடிக்கு 25 சட்டகம் (ஃப்ரேம், அதாவது தனித்தனிப் படம்) ஓடும் பதிவில் ஒரு சட்டகம் திரையில் 40 மில்லிநொடி நிற்கும். 1/4 போட்டால் அதே சட்டகம் 160 மில்லிநொடி நிற்கும், அவ்வளவுதான் விஷயம். புதிதாக ஒரு படமும் பிறப்பதில்லை. நொடிக்கு ஆறு சொச்சம் படம்தான் கண்ணுக்கு வருகிறது, அதனால்தான் விட்டு விட்டு நகர்கிறது. ஹார்ட் டிஸ்கில் இடம் மிச்சம் பிடிக்கக் கேமராவை 12 சட்டகத்தில் வைத்திருந்தால் அதுவும் மூன்றாகிவிடும்.

கேமராவிலேயே 240 பிடித்து 30ல் ஓட்டுவது வேறு சமாச்சாரம். எட்டு மடங்கு நீள்கிறது, ஆனால் ஒவ்வொரு படமும் உண்மையில் எடுத்த படம். மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது: இரண்டு சட்டகங்களுக்கு நடுவே என்ன இருந்திருக்கும் என்று மென்பொருளே கணித்து ஒரு படத்தைச் செருகுவது. பார்க்க வழவழவென்று இருக்கும், ஆனால் செருகிய படம் வெறும் ஊகம். போலீஸுக்குக் கொடுக்கிற ஃபுட்டேஜில் அந்த வேலையே கூடாது என்று கையேட்டில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ஒரு உபரித் தகவல். வேகமாகப் பிடித்து மெதுவாக ஓட்டும் உத்திக்கு 1904ல் காப்புரிமை வாங்கியவர் ஆகஸ்ட் முஸ்கர் என்ற ஆஸ்திரியப் பாதிரியார். ஜெர்மன் மொழியில் இதற்கு 'ட்ஸைட்லூப்பே' என்று பெயர், காலத்தைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் என்று பொருள். நாமும் 'காலவில்லை' என்று வைத்தால் என்ன?

மயிலாப்பூர் தமிழாசிரியர்:

தம்பி, காலவில்லை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'கால' என்பதோடு 'வில்லை' சேர்ந்தாலும் காலவில்லை, 'இல்லை' சேர்ந்தாலும் உடம்படுமெய் வந்து காலவில்லை. நேரமில்லை என்று அறிவிக்கும் பொத்தானாக அதைப் படித்துவிடுவார்கள்.

மெதுவியக்கம் பற்றி. 'மெது' என்பதற்கு முதற்பொருள் மென்மை. மெல், மென், மெது எல்லாம் ஒரே குடும்பம். மெதுவடை என்றால் மிருதுவான வடையா, மெதுவாக நகரும் வடையா? 'மெல்ல' என்னும் வடிவத்தில்தான் மென்மையும் தாமதமும் ஒன்றுகலந்து நிற்கின்றன. வள்ளுவரின் தலைவி 'மெல்ல நகும்' என்கிற இடத்தில் அது மென்மையான சிரிப்பா, சிறிது சிறிதாக மலரும் சிரிப்பா என்று வகுப்பில் ஒரு பீரியட் முழுக்க வாதம் நடந்திருக்கிறது. ஆகையால் 'மெல்லியக்கம்' என்றால் ஓரளவு பொருந்தும். தனிக்குறிலுக்குப் பின் வந்த ஒற்று, உயிர் வர இரட்டித்தது. புணர்ச்சி பழுதில்லை.

ஆனால் நமக்கு இதைவிடப் பழைய சொத்து ஒன்று இருக்கிறது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை உரையில் அடியார்க்குநல்லார் இயக்கம் நான்கு என்கிறார்: முதனடை, வாரம், கூடை, திரள். முதனடை மிகத் தாழ்ந்த செலவுடையது, அதாவது மிக மெதுவாகச் செல்வது; திரள் மிக முடுகிய நடையுடையது, அதாவது மிக விரைவானது. பாருங்கள், 'இயக்கம்' என்ற சொல்லே அங்கே வேகப் படியைக் குறிக்கிறது! இன்று சபாக்களில் மெதுவான நடையை விளம்ப காலம், சவுக்க காலம் என்கிறார்களே, அதற்கு இங்கே அசல் தமிழ்ப் பெயரே இருக்கிறது. மெதுவாக ஓட்டுவதற்கு முதனடை, வேகமாக ஓட்டுவதற்குத் திரள். நடுவில் உள்ள வாரத்தையும் கூடையையும் 1/2க்கும் 1/4க்கும் வைத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். வாரம் என்பது சொல்லொழுக்கமும் இசையொழுக்கமும் ஒத்து நடப்பது என்பதால் அதை இயல்பு வேகத்துக்கே வைப்பது முறை. கூடை பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.

வடபழனி எடிட்டர்:

ஐயா, கூடை வேண்டாம். ரெக்கார்டரில் கூடை என்று இருந்தால் அழித்த ஃபைலெல்லாம் அதில் கிடக்கும் என்று தேடுவார்கள்.

கோடம்பாக்கத்தில் இந்த இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. படப்பிடிப்பில் '48 ஃப்ரேம்ல எடு', 'ஹை ஸ்பீட் போடு' என்பார்கள். எடிட்டிங் மேசைக்கு வந்த பிறகு 'அந்த ஷாட்டை ஸ்லோ பண்ணு' என்பார்கள். 24ல் எடுத்ததை ஸ்லோ பண்ணச் சொல்லும் இயக்குநரிடம் 'சார், ஜெர்க் அடிக்கும், ஹை ஸ்பீடில் எடுத்திருக்கணும்' என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது, அது தனிக்கதை.

தமிழில் படம் எப்போதும் ஓடுவதுதான். எந்தத் தியேட்டரில் ஓடுகிறது, நூறு நாள் ஓடியது, ரீலை ஓட்டிக் காட்டு. ஆகவே பார்க்கும்போது செய்வதற்கு 'மெது ஓட்டம்', எடுக்கும்போது செய்வதற்கு நீங்கள் சொன்ன மெதுவியக்கம். ஓடுவது எப்படி மெதுவாக இருக்கும் என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும், மெதுவாக ஓடும் பஸ்ஸில்தான் தினமும் போகிறோம்.

தாம்பரத்திலிருந்து:

கலைச்சொல் ஆக்கும் இடத்தில் 'ஸ்லோ பண்ணு' என்பதைச் சான்றாகக் காட்டும் நிலை வருத்தம் தருகிறது. 'வேகம்' வடசொல், அதை இத்திரியில் எல்லோரும் கூச்சமின்றிப் புழங்குகிறீர்கள். விரைவு, கடுமை, முடுகு என்று நம்மிடம் இல்லாததா? அந்தக் காலத்துப் பத்திரிகைகள் 'மந்தகதி' என்று எழுதின, அதை விரட்டத்தான் இவ்வளவு பாடு. மயிலாப்பூர் ஐயா எடுத்துக்காட்டிய உரையிலேயே விடை இருக்கிறது: 'தாழ்ந்த செலவு'. செலவு என்றால் செல்லுதல். 'தாழ்செலவு' என்று வினைத்தொகையாக்கினால் சுருக்கமாகவும் வரும், பொத்தானிலும் அடங்கும். எதிர்ச்சொல்லாக முடுகுசெலவு.

வடபழனி எடிட்டர்:

தாழ்செலவு என்று ஒரு ரெக்கார்டரின் மேல் எழுதி ரிச்சி தெருவில் வைத்துப் பாருங்கள். மலிவு விலைச் சரக்கு என்று ஒரே நாளில் காலியாகிவிடும். கடைக்காரர் உங்களுக்குச் சிலை வைப்பார்.

தாம்பரத்திலிருந்து:

நகைச்சுவை வாதமாகாது. பேருந்து என்றபோதும் சிரித்தார்கள்.

தரமணி பொறியாளர்:

அக்காவின் பிரிவினைக்கு எதிராக ஒரு சாட்சியமும் என்னிடம் இருக்கிறது, நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எம்பெக்-2 என்ற வீடியோத் தரவரையறையிலேயே பதிவைப் பல விதமாக ஓட்டுவதற்கென்று மூன்று பிட் ஒதுக்கியிருக்கிறார்கள்: வேக முன்னோட்டம், ஸ்லோ மோஷன், உறைபடம், வேகப் பின்னோட்டம், மெதுவான பின்னோட்டம். அதில் ஸ்லோ மோஷனுக்கு அடுத்து வரும் ஐந்து பிட், ஒவ்வொரு படத்தையும் எத்தனை முறை திரும்பக் காட்டுவது என்று சொல்லும். அதாவது ஒரே படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டுவதைத்தான் அவர்களும் ஸ்லோ மோஷன் என்கிறார்கள். உலகமே ஒரு சொல்லில் காலம் தள்ளுகிறது என்று ஒருவர் வாதிட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

ஆனால் பயனருக்கு உண்மையிலேயே தலைவலி தருவது மெதுவான பின்னோட்டம். முன்னால் மெதுவாக ஓட்டினால் ஒழுங்காக வரும், பின்னால் ஓட்டினால் தவளை மாதிரித் தாவும். இதைப் பார்த்துக் கருவி பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். காரணம் சுருக்கும் முறை. எச்.264 என்ற அந்த முறையில் எல்லாச் சட்டகமும் முழுப்படம் அல்ல. பல கேமராக்களில் 50 சட்டகத்துக்கு ஒன்றுதான் முழுசு. மற்றவை முந்தைய படத்தில் எது எங்கே நகர்ந்தது, என்ன மாறியது என்பதை மட்டும் வைத்திருக்கும். 49ஆவது சட்டகம் வேண்டுமென்றால் முதலிலிருந்து அத்தனையையும் விரித்துக்கொண்டே வர வேண்டும். 48க்குப் பின்வாங்க வேண்டுமானால் மறுபடி முதலிலிருந்து, அல்லது விரித்ததையெல்லாம் நினைவகத்தில் வைத்திருக்க வேண்டும். 1920க்கு 1080 அளவில் ஒரு சட்டகத்தை விரித்தால் சுமார் 3 எம்பி, 50 சட்டகத்துக்கு 150 எம்பிக்கு மேல். விலை குறைந்த கருவிக்கு அவ்வளவு தெம்பில்லை, முழுச் சட்டகத்திலிருந்து முழுச் சட்டகத்துக்குத் தாவிவிடுகிறது.

மயிலாப்பூர் தமிழாசிரியர்:

அட, இது அந்தாதி அல்லவா! முந்தைய பாட்டின் ஈற்றில்தான் அடுத்த பாட்டின் தொடக்கம். கடைசிப் பாட்டிலிருந்து தலைகீழாகச் சொல் என்றால் எனக்கும் முதலிலிருந்து ஓதித்தான் வர வேண்டும். அந்தச் சார்புச் சட்டகங்களுக்கு 'அந்தாதிச் சட்டகம்' என்று பெயர் வைக்கலாமே. முழுப்படத்துக்குத் 'தலைச்சட்டகம்'.

எடிட்டர் தம்பிக்கு ஒன்று. 'மெது ஓட்டம்' என்று பிரித்து எழுதாதீர்கள். மெது என்பதில் தனிக்குறிலை அடுத்து உகரம் நிற்பதால் அது முற்றியலுகரம். வகர உடம்படுமெய் பெற்று மெதுவோட்டம் என்றாகும். முற்றியலுகரமும் ஒரோவழி கெடும் என்று நன்னூல் இடம் தருகிறதே என்று 'மெதோட்டம்' ஆக்கிவிடாதீர்கள், கேட்க நன்றாக இல்லை.

ராயப்பேட்டை மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, தலைச்சட்டகத்தைக் கொத்தாக எடுத்துக்கொண்டேன், பின்னோட்டம் ஏன் தாவுகிறது என்ற பத்தியில் வரும். அந்தாதிச் சட்டகத்தையும் ஆசையோடுதான் பார்க்கிறேன், ஆனால் கடைக்காரர் முகத்தை நினைத்து 'சார்புச் சட்டகம்' என்றே விட்டேன்.

இன்று மாலை கருவியிலேயே போட்டுப் பார்த்தேன். அதிலுள்ள எழுத்துரு தமிழை ஒழுங்காகக் கோக்கவில்லை. 'மெ' என்று அடித்தால் கொம்பு மகரத்துக்குப் பின்னால் போய், புள்ளி வட்டத்தோடு நிற்கிறது. 'வோ' இன்னும் மோசம், கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம். மெதுவோட்டத்தில் இரண்டும் இருக்கின்றன. கொம்பே இல்லாத சொல் ஏதாவது உண்டா?

வடபழனி எடிட்டர்:

'நிதானம்'. ஒரு கொம்பும் கிடையாது. 'நிதானமா ஓட்டு' என்றால் சென்னையில் ஆட்டோக்காரர் முதல் ஆயாவரை எல்லோருக்கும் புரியும். இன்னொன்று, பொத்தானுக்குப் பெயர்ச்சொல் எதற்கு? அது கருவிக்குப் போடும் உத்தரவு. 'நில்', 'ஓட்டு' மாதிரி இதுவும் இருக்கட்டுமே.

தாம்பரத்திலிருந்து:

நிதானம் வடசொல்.

ராயப்பேட்டை மொழிபெயர்ப்பாளர்:

சரி, இப்படி அனுப்புகிறேன். பொத்தானில் 'நிதானமாக', பக்கத்தில் 1/2, 1/4, 1/8. கையேட்டின் உள்ளே, ஓட்டிப் பார்ப்பதற்கு மெதுவோட்டம், பின்னால் போவதற்கு மெதுப் பின்னோட்டம், கேமரா அதிகச் சட்டகம் பிடிப்பதற்கு மெதுவியக்கப் பதிவு. 'மெதுவோட்டத்தில் படம் கூடுதல் தெளிவாகாது, அதே படம் கூடுதல் நேரம் நிற்கும்' என்று கட்டம் கட்டி ஒரு வரி. தம்பி சொன்ன ஊகப் படம் பற்றிய எச்சரிக்கையும் உண்டு. எழுத்துருவைச் சரிசெய்து தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். தந்தால் அடுத்த பதிப்பில் பொத்தானையும் மெதுவோட்டம் ஆக்கிவிடலாம். ஆட்சேபம் இருந்தால் நாளைக் காலைக்குள் சொல்லுங்கள்.

தரமணி பொறியாளர்:

சரி.

வடபழனி எடிட்டர்:

ஓகே. தூங்கப் போகிறேன்.

மயிலாப்பூர் தமிழாசிரியர்:

உடன்படுகிறேன். கூடை பற்றிய மடலைத் தனியாக அனுப்புகிறேன்.

தாம்பரத்திலிருந்து:

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். 'தாழ்செலவு' என்பதைக் கையேட்டின் பின்னிணைப்பிலாவது மாற்றுச் சொல்லாகக் கொடுக்க வேண்டும். வரைவின் முகப்பில் 'காணொளி' என்று இருப்பதையும் இப்போதுதான் பார்த்தேன். ஒளி மட்டுமா வருகிறது, ஒலி எங்கே போயிற்று? 'விழியம்' என்று மாற்றும்படி கேட்டுத் தனித் திரி தொடங்குகிறேன்.