முகத்துவாரத்துச் சாளை

கொட்டாஞ்சேனையிலிருந்து:

எங்கள் வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் சாளைதான். அம்மா கொறுக்காய்ப் புளி போட்டு வற்றவைத்தால் மறுநாள் காலையில் பாணோடு சாப்பிட இன்னும் ருசி. கொழும்பின் கரையோர முகத்துவாரத்திலிருந்து சைக்கிளில் பெட்டி கட்டிவரும் ஒரு அண்ணனிடம் வாங்குவோம். சத்தம் கேட்டதும் பூனைகள்தான் முதலில் ஓடும்.

2021 மே 20ஆம் தேதி கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற சரக்குக் கப்பல் தீப்பிடித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். 1,486 கொள்கலன்கள், அதில் 25 டன் நைட்ரிக் அமிலம், மூட்டை மூட்டையாகப் பிளாஸ்டிக் குருணை. இந்தக் கரையில் மீன்பிடிக்கத் தடை போட்டார்கள். அண்ணன் வருவது நின்றுபோனது.

கொரோனாப் பயணத்தடை தளர்ந்த பிறகு முகத்துவாரத்துக்குக் கிட்ட இருக்கும் காக்கைதீவுக் கடற்கரைப் பக்கம் தேடிப் போனேன். மணலில் வலையை விரித்துவிட்டு அண்ணனும் மனைவியும் குந்தியிருந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் முடிச்சுக்கு முடிச்சு வெள்ளை மணிகள், சவ்வரிசி மாதிரி. சிலது கருகிப் பழுப்பாக ஒட்டியிருந்தது. இரண்டு பேரும் நகத்தால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து ஒரு பெயின்ட் வாளியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். வாளி பாதிகூட நிறையவில்லை, விரல் நுனி சிவந்திருந்தது.

"மீன் வயிற்றிலும் இது இருக்கும் என்று சனம் பயப்படுது தங்கச்சி. பேலியகொடை மீன்சந்தைக்கு வேறு ஊரிலிருந்து வரும் மீனையும் வாங்கத் தயங்குதுகள்" என்றார் அண்ணன்.

இந்த நாட்டில் நாம் உண்ணும் விலங்குப் புரதத்தில் பாதியளவு மீனிலிருந்துதான் வருகிறது. எங்களைப் போன்ற வீடுகளில் அந்தப் பாதி அறக்குளா மாதிரிப் பெரிய மீன் இல்லை, சாளையும் சூடையும் போன்ற சின்ன மீன்கள்தான். அந்த மாதங்களில் பருப்பும் டின் மீனும்தான் சாப்பிட்டோம், தம்பியின் பிள்ளைகளுக்கு அதுவும் அளந்துதான் வைத்தோம். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்தக் கப்பல்காரரை 100 கோடி டொலர் நட்டஈடு கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த வாளிதான்.

வெள்ளவத்தையிலிருந்து:

தங்கச்சி எழுதியதை வாசித்தபின் என் கதையையும் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த மச்சானுக்காகச் சிங்கிறால் (லொப்ஸ்டர்) வாங்கப் போனேன். ஒன்றைத் தூக்கித் திருப்பினேன். வயிற்றின் அடியில் இருக்கும் சின்னத் துடுப்புகள் கிழிந்து, ஓரத்தில் செம்மஞ்சள் மணிகள் நாலைந்து ஒட்டியிருந்தன. முட்டையைத் தூரிகையால் தேய்த்து எடுத்திருக்கிறார்கள். மன்னாரில் தொழில் செய்த மாமா சின்ன வயதில் காட்டித் தந்தபடியால் எனக்குத் தெரிந்தது. முட்டையோடு பிடிபட்டதைக் கடலில் விட்டுவிட வேண்டும், விற்கக்கூடாது என்பது சட்டம். அதனால்தான் தேய்க்கிறார்கள். ஒரு தாய் லட்சக்கணக்கில் முட்டை சுமக்கும்.

கடைத் தம்பியிடம் கேட்டேன். "எனக்கு இப்படித்தான் வந்தது அண்ணே" என்றார். அவர் மேல் கோபமில்லை, கேட்பவர்கள் நாங்கள் இருக்கும்வரை அது வந்துகொண்டுதான் இருக்கும். வாங்காமல் விளைமீன் எடுத்துக்கொண்டு வந்தேன். மச்சானுக்கு முகம் சரியில்லை. சரி, பரவாயில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து மறுபடி:

அண்ணா, நானும் இனித் திருப்பிப் பார்ப்பேன். சைக்கிள் அண்ணனைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். தடை நீங்கித் திரும்ப வந்தார், அப்புறம் 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. அவருக்கு மீன் தரும் சின்னப் போட்டுகள் எல்லாம் ஓடுவது அதில்தான். பல நாள் வெறும் பெட்டியோடு நின்றார். இப்போது வருகிறார், வாரத்தில் ஒரு நாள், சில வாரம் இரண்டு நாள். போன செவ்வாய் அரைக் கிலோ சாளை வாங்கினேன். அம்மா ஒவ்வொன்றின் வயிற்றையும் கீறி, விரலால் தடவிப் பார்த்துத்தான் சட்டியில் போட்டார்.