டிசம்பர் 2023 மழை ‘இயல்பு’க்குள்ள அடங்குமா?

கரிசக்காட்டான்: 2023 வடகிழக்குப் பருவமழைக் கணக்கை மறுபடி எடுத்துப் பாத்தேன். தமிழ்நாட்டுக்கு இயல்பு 44 செ.மீ., பெஞ்சது 46. நாலு சதவீதம் கூட, அதனால ‘இயல்பான மழை’. டிசம்பர் 17, 18-ல தூத்துக்குடி மாவட்டம் முங்கிக் கெடந்தது இந்த வார்த்தைக்குள்ள எங்க இருக்கு?

மழைமானி: அண்ணாச்சி, அது மூணு மாசத்துக்கு, மாநிலம் முழுக்க எடுத்த சராசரி. 19 சதவீதம் கூடக்கொறைய இருந்தா இயல்புன்னுதான் வானிலைத் துறை எழுதும். அக்டோபர்ல விட்டதை டிசம்பர் கட்டிருச்சு. கணக்குல தப்பில்லையே.

கரிசக்காட்டான்: விட்டதைக் கட்ட இதென்ன சீட்டுப்பணமா? அக்டோபர்ல ஈரமில்லாம விதைப்பு தள்ளிப்போச்சு. பிந்தி மொளைச்ச உளுந்தும் பாசியும் தலையெடுக்கிற நேரத்துல கோவில்பட்டியில ஒரே நாள்ல அரை மீட்டர் மழை. ரெண்டையும் சேத்து வகுத்தா சராசரி வரும். வெள்ளாமை வருமா?

தாமிரபரணிக்கரை: அணையைத் திறந்துவிட்டதுதான் காரணம்.

மழைமானி: கோவில்பட்டிக்கு எந்த அணைத் தண்ணிண்ணே வரும்? குமரிக்கடல்ல நின்ன காத்துச் சுழற்சி கொட்டுன மழை அது. காயல்பட்டினம் 95 செ.மீ., திருச்செந்தூர் 69, ஸ்ரீவைகுண்டம் 62. எல்லாம் 24 மணி நேரத்துல.

தாமிரபரணிக்கரை: சரி, கோவில்பட்டிக்கு ஒத்துக்கிடுதேன். ஆத்தங்கரையில இருக்கிற ஏரலுக்கு ஒத்துக்கிட மாட்டேன்.

மழைமானி: ஆத்தோரத்துக்கு நானும் மறுக்கல. ஆனா அண்ணாச்சி, மாவட்டத்தோட டிசம்பரை மட்டும் தனியா எடுத்தாலும் சதவீதம் ஏமாத்தும். டிசம்பர் இயல்பே இங்க சின்ன எண்ணு, அதால வகுத்தா எதுவும் பூதமாத் தெரியும். காயல்பட்டினத்துல ஒரு நாள் பெஞ்சது மாவட்டத்தோட ஒரு வருஷ சராசரியைத் தாண்டுச்சுன்னு சொல்லுங்க, யாருக்கும் புரியும்.

கரிசக்காட்டான்: அப்ப சதவீதத்தை விடுங்க. 2.5 மி.மீ. பெஞ்சா ஒரு மழை நாள்னு துறையே வச்சிருக்கே, அந்த நாள் கணக்கைப் போடுங்க.

மழைமானி: அதுல அந்த 95 செ.மீ.யும் ஒரே ஒரு மழை நாள்தான்.

கரிசக்காட்டான்: அதைத்தாம்ல நானும் சொல்லுதேன்! மழை பெருசா இருந்து மழை நாள் கொறைச்சலா இருந்தா, ஒண்ணா கொட்டிருச்சுன்னு தெரிஞ்சுரும். மொத்தக் கணக்கு மறைக்கிறதை நாள் கணக்கு காட்டிக்குடுத்துரும்.

மழைமானி: சரி, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடட்டும். மொத்தத்தை மட்டும் தூக்கிராதீங்க. பாபநாசத்துலயும் மணிமுத்தாறுலயும் கோடைக்கு என்ன நிக்கும்னு அதை வச்சுத்தான பாக்கணும்?

தாமிரபரணிக்கரை: பாத்தீயளா, கடைசியில அணைக்குத்தான் வந்தீய.